மூன்று வீட்டுப் பிள்ளைகள்: மதத்தை ஏற்பதும் துறப்பதும்



1927 மார்ச் 6 அன்று லண்டனின் பாட்டர்சீ நகர மண்டபத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதே பொருள். கடவுள் உண்டு என்பதற்கு இறையியலார் அடுக்கிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப்போட்டார். உலகுக்கு ஒரு முதற்காரணம் வேண்டும் என்ற வாதம், படைப்பில் ஒரு நோக்கம் தெரிகிறது என்ற வாதம், ஒழுக்கத்துக்குக் கடவுள் தேவை என்ற வாதம், எதையும் அவர் விடவில்லை. அந்த உரை நூலாகி இன்றும் அச்சில் இருக்கிறது.

அப்போது ரஸ்ஸலின் மகள் காதரினுக்கு மூன்று வயது. அதே ஆண்டில் ரஸ்ஸலும் மனைவி டோராவும் பீக்கன் ஹில் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். வேதபாடம் இல்லாத அந்தப் பள்ளியில்தான் காதரினும் படித்தார். வளர்ந்து அமெரிக்கா சென்ற அவர் அங்கே கிறிஸ்தவரானார். கணவர் சார்லஸ் டெய்ட் குருப்பட்டம் பெற்றார். இருவரும் உகாண்டாவுக்கு மிஷனரிகளாகப் போனார்கள். 1975-இல் காதரின் தம் தந்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாசம் குறையாத நூல். தந்தையின் வாதங்களை வெல்ல வேண்டும் என்ற முனைப்பு அதில் இல்லை. தவறினவருக்கு மன்னிப்பு உண்டு, தகுதி பாராமல் அருள் கிடைக்கும் என்ற போதனை தமக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைத்தான் சொல்லியிருந்தார்.

இரண்டாவது வீடு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்தது. பள்ளியில் தம் மகன் பைபிள் வாசிப்பிலும் கர்த்தர் ஜெபத்திலும் கலந்துகொள்ள வேண்டியிருப்பதை எதிர்த்து மேடலின் மர்ரே ஓஹேர் வழக்குத் தொடுத்தார். வேறொரு வழக்கோடு சேர்த்து அதை விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963 ஜூன் 17 அன்று, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அரசுப் பள்ளிகள் நடத்தும் பைபிள் வாசிப்பு அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஓஹேர் அமெரிக்க நாத்திகர் அமைப்பின் நிறுவனராக நாடறிந்தவரானார். எந்த மகனுக்காக வழக்கு நடந்ததோ அந்த வில்லியம் மர்ரே 1980-இல் கிறிஸ்தவரானார். பிறகு பாப்டிஸ்ட் போதகராகி, பள்ளிகளில் ஜெபம் திரும்ப வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்.

மூன்றாவது வீடு சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா தெருவில், கறுப்பு வண்ணம் பூசி நின்றது. ஆன்டன் லாவே என்பவர் 1966 ஏப்ரல் 30 அன்று அங்கே ‘சாத்தான் திருச்சபை’யை நிறுவினார். அடுத்த ஆண்டு தம் மூன்று வயது மகள் ஜீனாவுக்குப் பத்திரிகையாளர்கள் சூழ்ந்திருக்கச் சாத்தான் பெயரால் திருமுழுக்கு நடத்தினார். 1980-களில் அந்த மகள்தான் தொலைக்காட்சிகளில் அமர்ந்து திருச்சபைக்காக வாதாடினார். 1990-இல் அதே மகள் தந்தையையும் அவருடைய சபையையும் துறந்து வெளியேறினார். பிற்காலத்தில் திபெத்திய பௌத்தத்தில் சேர்ந்தார்.

நாத்திகத்துக்கு ஆதரவான வாதங்கள் காதரினுக்கும் வில்லியமுக்கும் கிடைத்ததுபோல் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. சாத்தானியத்தின் உட்பொருள் ஜீனாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் மூவரும் போனார்கள். மூன்று பேரை வைத்து ஒரு விதி எழுத முடியாதுதான். ஆனால் மனிதர்கள் மதத்தை ஏற்பதும் உதறுவதும் வாதங்களின் வெற்றி தோல்வியால் மட்டும் நடப்பதில்லை என்ற ஐயத்தை இம்மூவர் கிளப்பிவிடுகிறார்கள். அந்த ஐயத்தைப் பின்தொடர்வதே இவ்வுரையின் வேலை.

ஆள் முதலில், கொள்கை பிறகு

1960-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் ஆய்வு மாணவர்களாக இருந்த ஜான் லாஃப்லண்டும் ராட்னி ஸ்டார்க்கும் மதமாற்றத்தை நேரில் பார்க்க விரும்பினார்கள். மாறி முடித்தவர்களிடம் போய்க் கதை கேட்பதில் அவர்களுக்கு நாட்டமில்லை. மாறிக்கொண்டிருப்பவர்களுடன் இருக்க வேண்டும் என்பதே திட்டம். அதற்கு அகப்பட்டது, கொரியாவின் சன் மியங் மூன் நிறுவிய சபையின் மிகச் சிறிய அமெரிக்கக் கிளை. அதைக் கொண்டுவந்தவர் யங் ஊன் கிம் என்ற முன்னாள் பேராசிரியை. 1959-இல் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகருக்கு வந்தவர் ஒரு வீட்டில் தங்கினார். அந்த வீட்டுப் பெண்ணும் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளும்தான் முதலில் சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கணவன்மாரும் நண்பர்களும் வந்தார்கள்.

பிறகு குழு சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்தது. பத்திரிகை அறிக்கை, வானொலி, பொதுக்கூட்டம் என்று முயன்று பார்த்தார்கள். ஆள் சேரவில்லை. கொள்கையைக் கேட்டு ரசித்தவர்கள்கூட வெளியில் வலுவான உறவுகள் இருந்தால் அங்கேயே நின்றுவிட்டார்கள். குழுவுக்குள் இருப்பவர்களோடு உண்டான நட்பு வெளியுறவுகளை விஞ்சிய இடத்தில் மட்டும் மாற்றம் நடந்தது. சொந்த ஊரை விட்டுப் புதிதாக வந்தவர்கள் எளிதில் சேர்ந்ததற்கும் இதுவே காரணம். 1965-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை மதச் சமூகவியலில் இன்றும் பேசப்படுகிறது.

அதில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. சேர்ந்து சில காலம் ஆனபின் அவர்களிடம் காரணம் கேட்டால், போதனையின் உண்மை தங்களை ஆட்கொண்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆய்வாளர்களுக்கோ பழைய குறிப்புகள் கையில் இருந்தன. அதே ஆட்கள் சில மாதங்களுக்கு முன் அதே போதனையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்றைய நம்பிக்கையின் கண்ணால் நேற்றைய பாதையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மதம் மாறியவரின் சாட்சியத்தை அப்படியே ஏற்கும் போதகரும், அப்படியே தள்ளும் பகுத்தறிவாளரும் ஒருங்கே தவறுவது இந்த இடத்தில்தான்.

இது படிப்பறிவு குறைந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைப்பதற்கில்லை. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீனார் மனம் மாறியபோது அருகில் இருந்தவர் நண்பர் அலிப்பியுஸ். அடுத்த ஆண்டு இருவரும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். தாய் மோனிக்காவின் பல்லாண்டு மன்றாட்டும் ஆயர் அம்புரோசின் மறையுரைகளும் அந்தத் தோட்டத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் போதித்த சி. எஸ். லூயிஸ் 1931 செப்டம்பரில் கிறிஸ்தவத்தை ஏற்றார். அதற்குச் சில நாள் முன்பு, கல்லூரி நடைபாதையில் நள்ளிரவு தாண்டியும் அவரோடு பேசிக்கொண்டு நடந்தவர்கள் டோல்கீனும் ஹ்யூகோ டைசனும். வாதம் அங்கே நிறையவே நடந்தது. ஆனால் அந்த வாதத்தைக் காதில் வாங்கும் அளவுக்கு லூயிஸ் நம்பியது அந்த நண்பர்களை.

இந்தியாவிலும் இதை ஒருவர் ஆராய்ந்தார். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி வாஸ்கம் பிக்கெட், கிறிஸ்தவத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டு 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார். காரணங்களை ஆன்மிகம், உலகியல், சமூகம், பிறப்பு என்று வகைப்படுத்தினார். உறவுகள் வந்தன, அதனால் வந்தோம் என்று சொன்னவர்கள் கணிசம். மிஷன் வட்டாரத்தில் சிலருக்கு இது கசந்தது. உலகியல் காரணத்துக்காக வந்தவர் நல்ல கிறிஸ்தவர் ஆவாரா என்று கேட்டார்கள். வந்த காரணம் எதுவானாலும், வந்தபின் கிடைத்த பராமரிப்பையும் போதனையையும் பொறுத்தே பின்னாளைய வாழ்வு அமைந்தது என்று பிக்கெட் காட்டினார்.

கொள்ளைநோய்க் காலத்துச் சபை

ராட்னி ஸ்டார்க் தம் முறையைப் பிற்காலத்தில் பழைய வரலாற்றுக்குக் கொண்டுபோனார். 1996-இல் வந்த அவருடைய நூல், கிறிஸ்தவத்தின் எழுச்சியைக் கணக்காகப் பார்த்தது. கி.பி. 40-இல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி என்று போட்டால், 350-க்குள் மூன்று கோடியைத் தாண்டிவிடுகிறது. அற்புதங்களோ பேரரசரின் ஆணையோ இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் வழியாக நடக்கும் சீரான வளர்ச்சி போதும். கான்ஸ்டன்டைன் 312-க்குப் பின் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்தது, ஏற்கெனவே பெரிதாகிவிட்ட ஒரு கூட்டத்தை அவர் கணக்கில் எடுத்ததையும் காட்டுகிறது.

வளர்ச்சிக்கு ஸ்டார்க் காட்டிய காரணங்களில் ஒன்று நோய். 165-இலும் பிறகு 250-களிலும் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய்கள் வாட்டின. ஓட முடிந்தவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். கிறிஸ்தவர்கள் பலர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள் என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியுஸ் எழுதினார். அவர் தம் கூட்டத்தைப் புகழ்கிறார் என்று சொல்லலாம். ஆனால் எதிரியின் சாட்சியும் உண்டு. 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களை மீட்க முயன்றவர். அவரே தம் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர்கள் (அதாவது கிறிஸ்தவர்கள்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டார். நோயில் பிழைத்து எழுந்தவருக்குத் தம்மைக் கவனித்தவர் யார் என்பது தெரியும். திரித்துவக் கோட்பாடு அதற்குப் பிறகு வந்தது.

கவிஞர்களின் சாத்தான்

ஏற்புக்கு உறவு வழி என்றால், மறுப்புக்கு எது வழி? இந்தக் கேள்விக்குச் சாத்தானியத்தைப்போல் நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மேற்குலகின் பிற மறுப்புகள் கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் போகப் பார்த்தன. இது கிறிஸ்தவத்தின் வில்லனையே தன் கொடியில் எழுதிக்கொண்டது.

நெடுங்காலம் சாத்தானை வழிபடுபவர் என்பது பிறர்மேல் வீசப்படும் பழியாக மட்டுமே இருந்தது. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692-இல் தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் யாரும் சாத்தானைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். அண்டை வீட்டார் அவர்கள்மேல் அதைச் சுமத்தினார்கள்.

சாத்தானை விரும்பத்தக்க உருவாக முதலில் மாற்றியவர்கள் கவிஞர்கள். மில்டனின் காவியம் 1667-இல் வந்தது. பணிய மறுக்கும் அதன் சாத்தானைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து இளைஞர்கள் வேறு கண்ணால் படித்தார்கள். பைரனையும் ஷெல்லியையும் போன்றவர்களைச் ‘சாத்தான் பள்ளி’ என்று 1821-இல் கவிஞர் ராபர்ட் சதி ஏசினார். இத்தாலியில் ஜோசுவே கார்துச்சி 1863-இல் சாத்தானுக்கு ஒரு துதிப்பாடலே எழுதினார். அதில் வரும் சாத்தான் அறிவின், கலகத்தின், நீராவி ரயிலின் தெய்வம். 1869 டிசம்பரில் போப் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கியபோது போலோனியாவின் நாளிதழ் ஒன்று அந்தப் பாடலை மறுபடி அச்சிட்டது. அன்று இத்தாலியின் ஒருமைப்பாட்டுக்குக் குறுக்கே நின்றது போப்பின் ஆட்சி. கார்துச்சியின் பகை ரோமில் கோலோச்சிய அந்த நிறுவனத்தோடுதான். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிரான்சில் கதை வேறு விதமாகச் சுழன்றது. 1891-இல் ஹுயிஸ்மான்ஸ் எழுதிய நாவல் பாரிஸின் மறைவிடச் சாத்தான் வழிபாட்டைப் பற்றிப் பரபரப்பாகப் பேசியது. அடுத்த ஆண்டே அவர் ஒரு டிராப்பிஸ்ட் மடத்தில் தங்கிக் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். சாத்தானை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்பவர் கடவுளிடமிருந்து அதிக தூரம் போயிருக்க முடியாது.

அதே காலத்தில் லியோ டாக்சில் என்ற எழுத்தாளர், தாம் மனம் திரும்பிய கத்தோலிக்கர் என்று அறிவித்துக்கொண்டு, ஃப்ரீமேசன்கள் என்ற மறைவுச் சங்கத்தார் சாத்தானை வழிபடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். டயானா வாகன் என்ற பெண்ணைக் கற்பனையில் படைத்து, அவள் சாத்தான் சபையிலிருந்து தப்பி வந்தவள் என்றார். போப் பதின்மூன்றாம் லியோ டாக்சிலை நேரில் சந்தித்திருந்தார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் புவியியல் சங்க மண்டபத்தில் டயானாவைக் காண வந்த கூட்டத்திடம், எல்லாமே தாம் கட்டிவிட்ட கதை என்று டாக்சில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஃப்ரீமேசன்மேல் முன்பே பகை கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது; அதனால் பன்னிரண்டு ஆண்டு அது ஓடியது.

மலிவுப் பதிப்பு மதமும் தனியாட்களும்

லாவே வந்தது இந்தப் பின்புலத்தில்தான். அவர் சொன்ன சாத்தான் ஓர் ஆள் அல்ல. கடவுளும் இல்லை, பேயும் இல்லை. தன்மானம், உடலின்பம், பழிக்குப் பழி ஆகியவற்றின் சின்னமாகவே அவர் சாத்தானை வைத்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் பிறந்தநாளே தலையாய திருநாள் என்றார். கொள்கையில், தன்னலத்தைப் போற்றிய எழுத்தாளர் அய்ன் ராண்டின் வாசனை வீசியது. ‘வலிமையே நியாயம்’ என்று முழங்கிய பழைய நூலொன்றிலிருந்து பக்கங்களையே எடுத்துக்கொண்டார். சர்க்கஸில் சிங்கம் பழக்கியதாகவும் போலீஸ் புகைப்படக்காரராக இருந்ததாகவும் அவர் சொன்ன வாழ்க்கைக் கதையைப் பத்திரிகையாளர் லாரன்ஸ் ரைட் 1991-இல் துருவிப் பார்த்தபோது பெரும்பகுதி நிற்கவில்லை.

1969-இல் வந்த அவருடைய ‘சாத்தானிய பைபிள்’ மலிவுப் பதிப்பாக ரயில் நிலையக் கடைகளிலும் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. எந்த மிஷனரியும் இல்லாமல் அந்த மதம் போய்ச் சேர்ந்தது அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான். யார் அதைப் படித்துச் சேர்ந்தார்கள்? சமய ஆய்வாளர் ஜேம்ஸ் லூயிஸ் 2001-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒரு சித்திரம் தருகிறது. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த, மணமாகாத வெள்ளை ஆண்கள். கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்கள். பள்ளிப் பருவத்திலேயே இந்தப் பக்கம் திரும்பியவர்கள். நண்பர் அழைத்து வந்தவர்கள் குறைவு. படித்து வந்தவர்கள் அதிகம். நூலைப் படித்ததும், தாம் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தது இதுதான் என்று உணர்ந்ததாகப் பலர் சொன்னார்கள். சாத்தானியர் பிறக்கிறார்களே ஒழிய ஆக்கப்படுவதில்லை என்பது லாவேயின் கட்சியும்கூட.

லாஃப்லண்ட், ஸ்டார்க் கண்ட விதிக்கு இது விலக்கு போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் விதியின் மறுபக்கம் தெரிகிறது. உறவுகளால் ஈர்க்கப்படாதவர்கள், உறவுகளால் காயப்பட்டவர்கள், ஊர்ச் சபையில் பொருந்தாமல் நின்றவர்கள் ஆகியோருக்கு ஒரு புத்தகம் துணையாக வந்தது. கூடவே அவர்கள் கோபப்பட்டதும் முகம் தெரிந்த ஆட்கள்மேல்தான்: கண்டித்த போதகர், பயமுறுத்திய ஞாயிறு பள்ளி, கேள்வி கேட்டதும் முகம் சுளித்த பெற்றோர். உறவு இல்லாமல் புத்தகத்தால் மட்டும் சேர்ந்த கூட்டம் கட்டுக்கோப்பாக நிற்பதும் கடினம். லாவேயின் சபை 1975-இலேயே உடைந்தது. மைக்கேல் அக்கீனோ என்ற ராணுவ அதிகாரி பிரிந்துபோய் வேறு சபை கண்டார்.

பயத்தின் பத்தாண்டு

1980-களில் அமெரிக்காவைச் ‘சாத்தான் பீதி’ பிடித்தது. 1980-இல் கனடாவில் ஒரு மனநல மருத்துவரும் அவருடைய நோயாளியும் சேர்ந்து எழுதிய நூல், மறந்துபோன குழந்தைப் பருவத்தில் சாத்தானியரின் கொடுமைகள் நடந்ததாகச் சொன்னது. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமேல் 1983-இல் புகார் எழுந்தது. நிலவறைச் சுரங்கம், பலி, சடங்கு என்று குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய வாக்குமூலங்கள் வந்தன. ஏழு ஆண்டு வழக்கு நடந்து 1990-இல் முடிந்தபோது ஒருவர்மேல்கூடக் குற்றம் நிறுவப்படவில்லை. அமைப்பு ரீதியான சாத்தானியக் கொலைகள் நடந்ததற்குச் சான்று இல்லை என்று எஃப்.பி.ஐ.யின் கென்னத் லேனிங் 1992 அறிக்கையில் எழுதினார். அதற்குள் பலரது வாழ்க்கை சிதைந்திருந்தது. ஆர்கன்சாவின் வெஸ்ட் மெம்ஃபிஸ் நகரில், 1993-இல் நடந்த கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட மூன்று இளைஞர்கள் 2011-இல்தான் வெளியே வந்தார்கள். கறுப்புச் சட்டையும் ஹெவி மெட்டல் இசையும் அவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசப்பட்டிருந்தன.

இந்தப் பீதியின் விளைவு எதிர்பாராதது. பொய்க் குற்றச்சாட்டு ஒரு தலைமுறைக்கு அடையாளமாகிவிட்டது. அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர்தான், லூசியன் க்ரீவ்ஸ் என்ற புனைபெயரில் மால்கம் ஜாரியோடு சேர்ந்து ‘சாத்தானியக் கோயில்’ அமைப்பைத் தொடங்கியவர். மறந்த நினைவுகளை மீட்பதாகச் சொல்லும் சிகிச்சைகளை எதிர்ப்பதற்கென்றே அந்த அமைப்பில் ஒரு பிரிவு இருக்கிறது. தலைமையகத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர், 19 பேரைத் தூக்கிலிட்ட அதே சேலம்.

சட்டம் கொடுத்த உருவம்

2013 ஜனவரியில் ஃப்ளோரிடா ஆளுநர் பள்ளிகளில் மாணவர் ஜெபத்துக்கு இடம்தரும் சட்டத்தில் கையெழுத்திட்டதைப் ‘பாராட்டி’ சாத்தானியக் கோயில் அமைப்பினர் ஒரு பேரணி நடத்தினார்கள். ஜெபம் எல்லா மதத்துக்கும் திறந்துவிட்டதே, இனிச் சாத்தானியப் பிள்ளைகளும் ஜெபிக்கலாம் என்பது வாதம். ஓக்லஹோமா சட்டமன்ற வளாகத்தில் 2012-இல் பத்துக் கட்டளைகள் நினைவுக்கல் நிறுவப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆட்டுத்தலையும் சிறகுகளும் கொண்ட பஃபொமெட் சிலையை வைக்க இடம் கேட்டு விண்ணப்பித்தார்கள். 2015 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், நினைவுக்கல்லை அகற்றச் சொன்னது. அடுத்த மாதமே வெண்கலச் சிலை டெட்ராய்ட் நகரில் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் அதை வண்டியில் ஏற்றி ஆர்கன்சா சட்டமன்றத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயும் ஒரு பத்துக் கட்டளைகள் கல் இருந்ததுதான் காரணம்.

இவர்களும் கடவுள், பேய் இரண்டையும் நம்பாதவர்களே. இரக்கம், உடல்மீதான தன்னுரிமை, அறிவியல் ஆகியவற்றைச் சொல்லும் ஏழு கோட்பாடுகள் வைத்திருக்கிறார்கள். பிறகு எதற்கு மதம் என்ற பெயர்? அமெரிக்கச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1791-இல் வந்த முதல் திருத்தம் அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறது. எந்த மதத்தின் கடைப்பிடிப்பையும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மனச்சான்றின் பேரில் ராணுவத்துக்குப் போக மறுத்தவர் பற்றிய 1965 தீர்ப்பில், கடவுள் வகிக்கும் இடத்துக்கு இணையான இடத்தை ஒருவர் வாழ்வில் வகிக்கும் உளமார்ந்த நம்பிக்கை போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாத்திகச் சங்கமாகப் போனால் திறக்காத கதவு, மதமாகப் போனால் திறக்கிறது. 2019-இல் அமெரிக்க வருமானவரித் துறை அந்த அமைப்புக்குத் திருச்சபை என்ற வகையில் வரிவிலக்கு அளித்தது.

வேடிக்கைக்காகத் தொடங்கியது என்று பலர் நினைத்த அந்த அமைப்பு மெல்ல ஒரு சபைக்குரிய வேலைகளைச் செய்யத் தொடங்கியது. ஊர்தோறும் கிளைகள், கூட்டங்கள், ஆதரவற்ற பெண்களுக்கான மாதவிடாய்ப் பொருள் திரட்டு, பொது இடங்களில் குப்பை அகற்றும் முகாம் என்று வேலைகள் பெருகின. கிறிஸ்தவ வீட்டில் ஓரினச் சேர்க்கையாளர் என்பதால் ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே தோழமை கண்டார்கள். உட்பூசலும் பிளவும்கூட வந்தன. லாவேயின் பழைய சபை, இவர்கள் சாத்தானியரே அல்லர் என்று மறுக்கிறது. ஒரு மதத்துக்குரிய எல்லாம் வந்துவிட்டன.

மறுப்பவர் பேசும் பாஷை

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011-இல் ஏறத்தாழ 1,900 பேர் சாத்தானியர் என்று எழுதினார்கள்; 2021-இல் ஏறத்தாழ 5,000 பேர். அதே பத்தாண்டில் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 59.3 விழுக்காட்டிலிருந்து 46.2 ஆகக் குறைந்தார்கள். மதமில்லை என்றவர்கள் 25.2-லிருந்து 37.2 ஆனார்கள். கிறிஸ்தவத்தை விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சாத்தான் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குத் திருச்சபையோடு சண்டை போடும் அளவுக்குக்கூட உறவு மிச்சமில்லை. சாத்தானைத் தேர்பவருக்குத் திருச்சபை இன்னும் வலிக்கிறது. அதனால்தான் அவருக்குத் தலைகீழ்ச் சிலுவை தேவைப்படுகிறது.

மறுப்பவர் தாம் வளர்ந்த மதத்தின் பாஷையிலேயே மறுக்கிறார் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. 1953 மே 27, புத்தர் பிறந்தநாளன்று ஈ.வெ.ரா. பெரியார் மண்ணால் செய்த பிள்ளையார் சிலையை உடைத்தார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று திருச்சியில் தொடரப்பட்ட வழக்கு 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் சட்டத்துக்கு மிகக் குறுகிய பொருள் கொண்டுவிட்டன என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. காலம் கடந்துவிட்டதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தெருமுனைதோறும் பிள்ளையார் இருக்கும் நாட்டில் பிள்ளையாரை உடைத்ததால்தான் வழக்கே வந்தது. அவர் சாத்தானின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருந்தால் திருச்சியில் யாருக்கும் உறைத்திருக்காது.

காரணம் கேட்கும் முறை

வாதங்களுக்கு இடமே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மதமற்ற அமெரிக்கர்கள் ஏன் விலகினார்கள் என்று பியூ ஆய்வு மையம் 2016-இல் வெளியிட்ட தகவலில், மதத்தில் வளர்ந்து விலகியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நம்பிக்கை போய்விட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நம்பிக்கை எப்போது போனது என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது. 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் குருக்களின் பாலியல் குற்றங்களையும் அவற்றை மறைமாவட்டம் மூடி மறைத்ததையும் வெளிக்கொண்டுவந்தது. அந்தச் செய்திகளில் கடவுள் உண்டா இல்லையா என்பது பற்றி ஒரு வாதமும் கிடையாது. அவற்றைப் படித்தபின் பலருக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. ஆள்மேல் வைத்த நம்பிக்கை முறிந்த பிறகுதான் ரஸ்ஸலின் வாதங்கள் வலுவாகத் தெரியத் தொடங்குகின்றன. கவனித்துக்கொள்ள ஆள் கிடைத்த பிறகு சி. எஸ். லூயிஸின் வாதங்கள் வலுவாகத் தெரிவதும் இதே முறையில்தான். ரஸ்ஸலே அந்த 1927 உரையில், மனிதர் மதத்தை ஏற்பது வாதங்களால் அல்ல, உணர்ச்சியால் என்று ஒப்புக்கொண்டவர். மறுப்புக்கும் அது பொருந்தும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்.

மதமாற்றத்தின் இந்த உறவுப் பக்கத்தைச் சட்டங்கள் கணக்கில் எடுப்பதில்லை. 1948-இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகச் சொன்னது. லெபனானின் சார்லஸ் மாலிக் அதற்காக வாதாடினார். சவுதி அரேபியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் இந்தியாவில் பல மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்கள் மாற்றத்துக்கு மூன்று காரணங்களை முதன்மையாகச் சந்தேகிக்கின்றன: வற்புறுத்தல், ஆசைகாட்டல், மோசடி. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் கைவிடப்பட்ட சட்டமும் அதே மூன்றைச் சொன்னது. பக்கத்து வீட்டாரின் அன்பு, சொந்த ஊர்க்காரர் செய்த அவமானம், நோயில் துணையிருந்தவர், மன்னிப்பைப் பற்றிய ஒரு போதனை ஆகியவை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும்? எதிலும் வராது. மதம் மாறுபவரைப் பிறர் கையில் ஆடும் பொம்மையாகப் பார்க்கும் சட்டத்துக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு தேவைப்படுவதில்லை.

மறுபுறம், மதமாற்றத்தைக் கொண்டாடுபவர்களும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரிகிறது. பத்தாண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்கள் எதனால் போனார்கள் என்பது தெரிவதில்லை.

பிக்கெட் ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் துறைகள் அந்த வேலையை மறுபடி தொடங்க வேண்டும். மாறியவர்களிடம் ஒருமுறை போய்க் காரணம் கேட்டுத் திரும்பும் ஆய்வு போதாது. லாஃப்லண்ட் செய்ததுபோல் மாறும்போதே உடனிருந்து, ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்க்கும் ஆய்வு வேண்டும். ஒரு மதத்துக்குள் வருபவர், ஒரு மதத்தை விட்டுப் போகிறவர், எதுவும் வேண்டாம் என்று நிற்பவர் ஆகிய மூவரையும் ஒரே கேள்வித்தாளால் அந்த ஆய்வு சந்திக்க வேண்டும். இந்த அவையில் இருக்கும் ஆய்வு மாணவர்களில் ஒருவராவது அதை முனைவர் பட்டப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரை நிறைவுறுகிறது.